நாய் முனகுகிறது சரி, அம்மா ஏன் விழித்திருக்கிறார்?

கேள்வி: எங்கள் நாய்க்கு ஒன்பது வயது. அப்பா ஆசையாக வளர்த்தது. அவர் இறந்த பிறகு தூக்கத்தில் முனகுகிறது, காலை உதறுகிறது. அம்மாதான் ராத்திரி எழுந்து போய்த் தட்டிக்கொடுப்பார். நாய்க்குக் கெட்ட கனவு வருமா? எழுப்பலாமா?

பதில்: வரும் என்றுதான் நான் நினைக்கிறேன், தம்பி. மூடிய இமைக்குள் கண் அங்குமிங்கும் ஓடும் தூக்கக் கட்டம் நமக்கு இருப்பதுபோல நாய்க்கும் உண்டு. அப்போது மூளை மும்முரமாக இயங்கும். உடம்பு அசையாதபடி, மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு தசைகளைக் கட்டிவைத்திருக்கும். அந்தக் கட்டு கொஞ்சம் தளர்ந்தால் கால் உதறும், முனகல் வரும். 2001-இல் வெளிவந்த, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், வளையப் பாதையில் ஓடிய எலிகளின் மூளையில் எழுந்த சமிக்ஞைகள், அவை தூங்கும்போதும் அதே வரிசையில் திரும்ப வந்தன. எலிக்கே அப்படியென்றால் நாய்க்கு இருக்காதா? பகலில் பட்ட பயமும் ராத்திரி வரலாம். கனவில் வருவது அப்பாதானா என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

நாயைப் பற்றி இவ்வளவு கவனித்து எழுதிய நீங்கள், அம்மாவை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நாய் முனகுவது என்ன பெரிய சத்தமா? நன்றாகத் தூங்குகிறவரை அது எழுப்பாது. உங்களை எழுப்பவில்லையே! அம்மா காதில் விழுகிறதென்றால் அவர் ஏற்கெனவே விழித்துக்கொண்டு கிடக்கிறார் என்று அர்த்தம். கணவரை இழந்தவர் நடுராத்திரியில் தனியாக எழுந்து நடக்கிறார். பிள்ளைக்கு நாயின் கனவு பற்றிச் சந்தேகம். இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன, ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. நாய்க்குத் துக்கம் இருக்கும் என்று தோன்றிய உங்களுக்கு, அம்மாவின் துக்கம் ஏன் தோன்றவில்லை? பெற்றவளின் தூக்கத்தை விசாரிப்பது பிள்ளையின் கடமை. அதை நாயிடம் ஒப்படைக்க முடியாது.

அப்புறம், அந்தத் தட்டிக்கொடுக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். திடுக்கிட்டு விழிக்கும் நாய், ஆள் யாரென்று தெரிவதற்குள் கடித்துவிடலாம். சாதாரண முனகல் என்றால் தூங்க விடுங்கள். ரொம்பத் தவித்தால் தள்ளி நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். உடம்பு விறைத்தாலோ, படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்தாலோ, எழுந்தபின் திசை தெரியாமல் தடுமாறினாலோ அது வலிப்பாக இருக்கலாம். கைபேசியில் படம் பிடித்து, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதையெல்லாம் செய்ய வேண்டியது நீங்கள். கொஞ்ச நாளைக்கு உங்கள் படுக்கையை அம்மா அறைக்கு மாற்றுங்கள். அவர் விழித்திருந்தால் விளக்கைப் போட்டு, அப்பாவைப் பற்றி நீங்களே பேச்செடுங்கள்.