ஆலோசகரிடம் போனால் ஆபீஸுக்குத் தெரியுமா? உள்ளாட்சி ஊழியர்களுக்கான கேள்வி பதில்

நகராட்சி, மாநகராட்சி ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் வேலையில் ரொம்ப வருஷம் இருந்தேன். கேளுங்கள். பெயர், ஊர் வேண்டாம். மருந்துச் சீட்டைப் படம் எடுத்துப் போடவே போடாதீர்கள்.

நகராட்சி இளநிலை உதவியாளர்: நான் சொல்வது கமிஷனர் காதுக்குப் போகாது என்று எப்படி நம்புவது?

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், 23-ஆவது பிரிவு. சிகிச்சை தருபவர் உங்கள் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. விலக்கு உண்டு: யார் உயிருக்காவது ஆபத்து என்றால் சொல்லலாம், உயர் நீதிமன்றம் உத்தரவிட்டால் சொல்ல வேண்டும். இப்படிச் சிலதான். கமிஷனர் கேட்டார் என்பது அதில் இல்லை.

ஆனால் நான் பார்த்தவரை ஆலோசகர் வாயால் கசிந்ததைவிடக் காகிதத்தால் கசிந்ததுதான் அதிகம். ஒரு நகராட்சியில் முகாம் போட்டோம். மேனேஜர் சீட்டுக்கு எதிர் அறை. வாசலில் ஒரு நோட்டு: பெயர், பிரிவு, நேரம், கடைசியில் 'வந்த காரணம்'. வரிப் பிரிவு அம்மா ஒருவர் பேனாவை வாங்கி, அந்தக் கடைசிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். 'பி.பி. செக்கப்' என்று எழுதினார். உள்ளே வந்து பி.பி. மட்டும் பார்த்துக்கொண்டு போய்விட்டார். தப்பு எங்கள் மேல். அடுத்த முறை நோட்டு கிடையாது. கண், சர்க்கரைப் பரிசோதனையோடு சேர்த்துப் போட்டோம். அந்த அம்மா வந்தார், முக்கால் மணி நேரம் பேசினார்.

ஆகவே பெர்மிஷன் சீட்டில் 'சொந்த வேலை' என்று மட்டும் எழுதுங்கள்.

தூய்மைப் பணியாளரின் மகள்: அப்பா கான்ட்ராக்டில் இருக்கிறார். அவருக்கும் இது உண்டா?

உண்டும்மா. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பணி ஆணை கேட்க மாட்டார்கள். போனில் என்றால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

ஊராட்சி செயலர்: மனசில் ஒன்றும் இல்லை சார். வட்டிக் கடன்தான். தூக்கம் போச்சு.

இதற்கும்தான் நாங்கள் இருக்கிறோம். தூக்கம் வரவில்லை என்று வருபவர் வாயிலிருந்து கடன் கதை மூன்றாவது தடவைதான் வரும். நீங்கள் முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், தொலைபேசி 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. இன்னொரு கடன் வாங்கி இதை அடைக்காதீர்கள்.

பில் கலெக்டர்: நல்ல தூக்க மாத்திரை ஒன்று சொல்லுங்கள்.

மாட்டேன். டாக்டரிடம் போங்கள்.

பேரூராட்சி ஊழியர்: மேலதிகாரி தப்பாக நடக்கிறார். ஆலோசனைக்கு வரட்டுமா?

மனசு ஆற வாருங்கள். ஆனால் புகாரை உள்ளகப் புகார்க் குழுவிடம், 3 மாதத்துக்குள், எழுத்தில் கொடுங்கள். உங்கள் பெயரை வெளியிட, பணியிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை தருவதைத் தடுக்கும் 2013 சட்டமே தடை போடுகிறது.

வேறொருவர்: கமிஷனருக்குத் தெரியுமா?

மேலே படியுங்கள்.

சுகாதார ஆய்வாளர்: என் ஆள் ஒருவர் காலை மஸ்டருக்கே (வருகைப் பதிவுக்கே) குடித்துவிட்டு வருகிறார். நான் அனுப்பினால், உள்ளே என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்வீர்களா?

அனுப்பலாம். சொல்ல மாட்டோம். வந்தாரா இல்லையா என்பதைக்கூட அவர் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால்தான். 'குடிக்கிறியா' என்று கேட்காதீர்கள். 'இந்த மாசம் ஆறு நாள் மஸ்டருக்கு லேட்' என்று வேலையைப் பற்றிப் பேசுங்கள். நாளையிலிருந்து நிறுத்து என்றும் மிரட்டாதீர்கள். தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

சங்கத் தோழர்: இது 17(பி)-க்கு, அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கைக்கு, முன்னோட்டம். ஆலோசனைக்கு அனுப்பினோம், திருந்தவில்லை என்று மெமோ வரும். சாக்கடை நாற்றம் தாங்காமல் குடிக்கிறான்.

சுகாதார ஆய்வாளர்: ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு எந்த நாற்றம்?

சங்கத் தோழர்: ஒரு நாள் நீங்கள் இறங்கிப் பாருங்கள் சார், அப்புறம் பேசலாம்.

இருங்கள், இருங்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்குவதே, கையால் கழிவு அகற்றுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். யாராவது இறக்குகிறார்கள் என்றால் ஆலோசகரிடம் இல்லை, போலீஸிடம் போங்கள். மெமோ பயம் நியாயம்தான் தோழர். அதனால்தான் நான் இருந்த இடத்தில் பரிந்துரையை வாய்மொழியாக வைத்துக்கொண்டோம், எஸ்.ஆரிலோ (பணிப் பதிவேட்டிலோ) கோப்பிலோ ஒரு வரி ஏறவில்லை. நோய் ஊனம் வரை போனாலும் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது; 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-ஆவது பிரிவு. உள்ளாட்சியும் அதற்குள் வரும். ஆய்வாளர் சார், ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியை அவரிடம் கேட்டுவிடாதீர்கள். அதை எங்களிடம் விடுங்கள்.

சங்கத் தோழர்: வாய்மொழி என்றால் அனுப்பவே இல்லை என்று நாளைக்குச் சொல்வார்களே?

சொல்லலாம். அதற்கு இன்னும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

புதியவர்: 14416-இல் பேசினால் கமிஷனருக்குத் தெரியுமா?

தெரியாது. ஆபீஸ் போனிலிருந்து பேசாதீர்கள்.