ஷட்டர் சத்தத்துக்கு விலை கொடுக்காதீர்கள்

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறேன். ராயபுரத்தில் ஒரு புரோக்கரிடம் யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா விலைக்கு வந்திருக்கிறது. அதற்குரிய பேட்டரி இப்போது கிடைப்பதில்லை என்றும், ஷட்டர் நன்றாக அடிப்பதால் கவலை வேண்டாம் என்றும் சொல்கிறார். லென்ஸுக்குள் தூசி போல ஏதோ தெரிகிறது. துடைத்துத் தருவதாகச் சொல்லி 2,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கேமரா நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அவர் உங்களுக்குக் காட்டியவற்றில் எதுவும் அதற்குச் சாட்சி அல்ல.

முதலில் ஷட்டர், அதாவது ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் கதவு. 1966இல் தொடங்கிய எலக்ட்ரோ வரிசையில், 1973இல் வந்த இந்த ஜிஎஸ்என் உட்பட, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, மட்டும்தான் நாம் வைக்கிறோம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் மின்சுற்று முடிவு செய்கிறது. பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் அடிக்கும், ஆனால் 1/500 வினாடி என்ற ஒரே வேகத்தில்தான் அடிக்கும். எனவே மின்சுற்று செத்துப்போன கேமராவும் நல்ல கேமராவும் பேட்டரி இல்லாத நிலையில் ஒரே மாதிரியான சத்தத்தையே எழுப்பும். அந்தச் சத்தத்தைக் காதருகே கொண்டுவந்து கேட்க வைப்பது நம் புரோக்கர்களுக்குப் பிடித்த வித்தை. அதைக் கேட்டு மயங்கிப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு பழுதுபார்க்க என் மேசைக்குக் கொண்டுவந்த பிள்ளைகள் கொஞ்சம் பேர் அல்ல.

பேட்டரி கிடைக்காது என்பது பாதி உண்மை. பழைய 5.6 வோல்ட் பேட்டரி பாதரசம் கலந்தது என்பதால் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனால் வாட்ச் கடைகளில் கிடைக்கும் எல்ஆர்44 பொத்தான் பேட்டரிகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாகக் காகிதக் குழாயில் சுருட்டி வைத்தால் 6 வோல்ட் கிடைக்கும். இந்தக் கேமரா அந்தச் சிறு வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளும். பழைய பேட்டரியைவிட நீளம் குறைவாக இருப்பதால், மீதி இடத்தை ஒரு ஸ்பிரிங்கால் நிரப்ப வேண்டும். இதை வீட்டிலேயே தயார் செய்து கையோடு எடுத்துச் செல்லுங்கள். போட்டுப் பார்க்க அவர் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

போடுவதற்கு முன் பேட்டரி அறைக்குள் உலோகம் அரித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். போட்டதும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். பிறகு முன்பக்கம் இருக்கும் ஒளியளக்கும் சிறு ஜன்னலைக் கையால் மூடி, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் மஞ்சள் விளக்கு வர வேண்டும். முழுவதும் அழுத்தினால் ஷட்டர் திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அப்பர்ச்சரை முழுவதும் திறந்த 1.7இல் வைத்து நண்பகல் வானத்தை நோக்கினால் சிவப்பு விளக்கு வர வேண்டும். கடைசியாக, ஃபிலிமை நகர்த்தும் லீவரைச் சுற்றும்போது உள்ளே ‘டொக்’ என்று கனமாக ஒரு சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். அது வராவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு சிறிய ரப்பர் துண்டு காய்ந்து உதிர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு வெளிச்சக் கணக்கு எதையும் நம்ப முடியாது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய அந்த ரப்பரை மாற்றக் கேமராவையே பிரிக்க வேண்டும்; பிரிக்கத் தெரிந்தவர்களோ ஊரில் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். கேமராவின் பெயரைச் சொல்லி விலை ஏற்றத் தெரிந்த சந்தைக்கு அதைப் பழுதுபார்க்கும் ஓர் ஆளை உருவாக்கத் தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு பொட்டலம் உதிரிபாகம் வரவழைத்து, அதன் விலையைவிட அதிகமாகத் தீர்வையும் கட்டி, எத்தனையோ படிவங்களில் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

இனி அந்தத் ‘தூசி’. கேமராவின் பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’ நிலையில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்னாலிருந்து சாய்வாக டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால் தூசி. சிலந்தி வலை போல நூல் நூலாகக் கிளைத்திருந்தால் பூஞ்சை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றிலேயே வாழும் நமக்கு இது புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் துணியே பூக்கிறது, தோல் உறைக்குள் பூட்டி வைத்த கண்ணாடி பூக்காதா? பூஞ்சையைத் துடைத்து எடுத்துவிடலாம். ஆனால் அது அரித்த லென்ஸின் மேற்பூச்சு திரும்பி வராது. பூஞ்சை பிடித்த லென்ஸை வாங்காதீர்கள், அவ்வளவுதான். ‘துடைத்துத் தருகிறேன்’ என்ற வாக்குறுதிக்காக முன்பணம் கொடுத்தால், துடைத்தபின் எஞ்சிய தழும்புக்கும் நீங்களே சொந்தக்காரர் ஆவீர்கள்.

அடுத்து ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பு. வியூஃபைண்டரின் (கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னலின்) நடுவில் மஞ்சளாக ஒரு சிறு கட்டம் தெரியும். அதற்குள் இரண்டாகத் தெரியும் உருவம், லென்ஸைத் திருப்பும்போது ஒன்றாக இணைய வேண்டும். லென்ஸை முடிவிலியில் வைத்துக் கடற்கரையில் நின்று, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைப் பாருங்கள். ஒரே கப்பலாகத் தெரிய வேண்டும். அடுத்து டேப்பால் ஒரு மீட்டர் அளந்து அங்கே ஒரு பொருளை வைத்து, லென்ஸையும் ஒரு மீட்டரில் வைத்துப் பாருங்கள். ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத் தெரிந்தால் கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. கட்டம் மங்கியிருந்தால், ‘ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும்’ என்பார்கள். உள்ளே இருக்கும் பாதி ரசம் பூசிய கண்ணாடியில் மிச்சமிருக்கும் ரசமும் அப்படித் துடைத்தால் போய்விடும்.

பேட்டரி பற்றி நான் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. பலரும் குழம்புவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எலக்ட்ரோ பேரம் படியாவிட்டால் புரோக்கர் வேறொரு கேமராவை எடுத்து நீட்டுவார். அது கேனன் கேனோனெட் க்யூஎல்17 ஜிஐஐஐ ஆக இருந்தால், பேட்டரி இல்லாமலேயே அதன் எல்லா வேகங்களும் வேலை செய்ய வேண்டும். பேட்டரி அதில் ஒளியளவிக்கும் தானியங்கி நிலைக்கும் மட்டும்தான். ஆகவே அங்கே சத்தம் ஓரளவு சாட்சிதான்: 1/4 வினாடியில் வைத்தால் இழுத்தும், 1/500இல் வைத்தால் வெடுக்கென்றும் கேட்க வேண்டும். ரஷ்ய சோர்க்கி 4 ஆக இருந்தால் அதில் பேட்டரியே கிடையாது. ஆனால் அதில் ஷட்டர் வேகத்தை மாற்றுவதற்கு முன் ஃபிலிமைச் சுற்றியிருக்க வேண்டும். சுற்றாமல் திருகினால் உள்ளே கெட்டுவிடலாம். முதலில் சுற்றுவது, பிறகு திருகுவது. புரோக்கர் அவசரமாகத் திருகிக் காட்டினால் அவர் கையைப் பிடித்தாவது நிறுத்துங்கள். இதே ரஷ்யக் குடும்பத்துக் கேமராக்களின் மேல் லைக்கா என்று பொறித்து, பொன்முலாமும் பூசி விற்கும் கூட்டம் ஒன்று உண்டு. லென்ஸைக் கழற்றிப் பாருங்கள்: உள்ளே ரேஞ்ச்ஃபைண்டரைத் தள்ளும் கையின் முனையில் சிறு உருளை இருந்தால் லைக்கா, ஆப்பு போன்ற தகடு இருந்தால் ரஷ்யக் கேமரா.

எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பணத்தைப் பற்றிப் பேசுங்கள். ரசீது தர மாட்டார். தரச் சொல்லும் ஆளும் இந்தச் சந்தையில் இல்லை. ஆகவே ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்தபின் சரியில்லையென்றால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று ஒரு தாளில், கேமராவின் எண்ணோடு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ‘சர்வீஸ் பண்ணினது’ என்று சொன்னால், யார் செய்தது என்று கேட்டு அவரிடமே நேரில் விசாரியுங்கள். தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டதைத்தான் பெரும்பாலும் சர்வீஸ் என்கிறார்கள், அந்த எண்ணெய் ஷட்டர் தகடுகளில் இறங்கினால் சில மாதங்களில் ஒட்டிக்கொள்ளும். வாங்கிய அன்றே அந்தப் பழைய தோல் உறையிலிருந்து கேமராவை எடுத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலங்களை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள்.