கருங்கல் வீடு நிலநடுக்கத்தைத் தாங்க, ஊர்க் கொத்தனார்களுக்கு என்ன பயிற்சி கொடுக்க வேண்டும்?

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கல் கனமாக இருப்பதாலேயே வீடு பலமாகிவிடாது. 1993 மகாராஷ்டிர லாத்தூர் நிலநடுக்கத்தில் பெருமளவு உயிரைக் குடித்தவை மண் சாந்தில் கட்டிய தடித்த கல் சுவர்கள். அத்தகைய சுவரில் உள்பக்க வரிசையும் வெளிப்பக்க வரிசையும் ஒட்டாமல் நிற்கும். நடுவே சில்லுக்கல்லும் மண்ணும். குலுங்கினால் இரண்டாகப் பிளந்து சரியும்.

அதனால் முதல் பாடம், சுவரின் முழு அகலத்துக்கும் போகும் நீளக் கல். பக்கவாட்டில் 4 அடிக்கு ஒன்று, உயரத்தில் 2 அடிக்கு ஒன்று. நீளக் கல் கிடைக்காவிட்டால், நடுவில் கம்பி வைத்த கான்கிரீட் கட்டை போதும். சுவர் ஒன்றரை அடிக்கு மேல் தடிக்க வேண்டாம்.

அடுத்தது லிண்டல், அதாவது கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை. அதை அங்கங்கே மட்டும் துண்டு துண்டாகப் போட்டால் சுவர்கள் ஒன்றையொன்று பிடிக்காது; எல்லாச் சுவரையும் சுற்றி ஒரே பெல்ட்டாக ஓட வேண்டும். சின்ன அறைகள் கொண்ட தரைத்தள வீட்டுக்கு 3 அங்குல கனம், 8 எம்எம் கம்பி இரண்டு, 6 அங்குலத்துக்கு ஒரு 6 எம்எம் குறுக்குக் கம்பி. தப்பு நடப்பது மூலையில்தான்: கம்பியை அங்கேயே வெட்டி நிறுத்திவிடுவார்கள். வளைத்து அடுத்த சுவருக்குள் ஒன்றரை அடியாவது கொண்டுபோய், அந்தச் சுவரின் கம்பியோடு கட்ட வேண்டும். பயிற்சியில் படம் காட்டுவதைவிட, ஒரு மூலையை முழு அளவில் கட்டவைத்து, கான்கிரீட் கொட்டும் முன் கம்பியைச் சரிபாருங்கள்.