டைகர் பார்ப்: ஆண் எது, பெண் எது, குஞ்சு எடுப்பது எப்படி?

தொட்டியில் ஆறு டைகர் பார்ப் மீன்கள் இருக்கின்றன, எல்லாம் ஒன்று போலவே தெரிகின்றன, குஞ்சு எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் மூக்கின் சிவப்பை நம்பாதீர்கள், வயிற்றைப் பாருங்கள்.

நான் முதலில் சறுக்கியது இதில்தான். மூக்கு பளிச்சென்று சிவந்திருந்ததை ஆண் என்றும், சற்று மங்கலாக இருந்ததைப் பெண் என்றும் எண்ணித் தனித் தொட்டியில் விட்டேன். பத்து நாள் காத்திருந்ததுதான் மிச்சம். இரண்டுமே ஆண்! ஒன்று அடிவாங்கி நிறம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். பயந்தாலும் நோய் வந்தாலும் இந்த மீன் வெளிறிவிடும்.

ஆணுக்கு மூக்கும் துடுப்போரமும் அதிகம் சிவந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை வயிற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஆண் ஒல்லியாக, நேராக இருக்கும். முட்டை வைத்த பெண் நடுவில் புடைத்திருக்கும். ஒரு அங்குலம்கூட வளராத மீனில் தேடிப் பயனில்லை. (ரோஸி பார்ப்பில் இந்தக் குழப்பமே கிடையாது. வளர்ந்த ஆண் ரோஜா நிறம், பெண் மங்கிய பொன்னிறம்.)

சரி, பிரித்தாயிற்று. ஒரு வாரம் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைத்து, கொசுப்புழு மாதிரி உயிருள்ள தீனியை நன்றாகக் கொடுங்கள். அப்புறம் 30, 40 லிட்டர் தொட்டி ஒன்றில் 26 டிகிரி வெப்பத்தில், சற்றே அமிலத்தன்மையுள்ள மென்னீர். அடியில் மணல் வேண்டாம். கோலிக்குண்டுகளை நெருக்கமாகப் பரப்பி, மேலே ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசியைக் கொத்தாகப் போடுங்கள். மாலையில் ஜோடியை விட்டால் பெரும்பாலும் மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் துரத்தல் தொடங்கும். பாசிக்கு அருகே ஆண் பெண்ணோடு ஒட்டி ஒரு நொடி நடுங்கும். கடுகைவிடச் சிறிய, கண்ணாடி போன்ற முட்டைகள் உதிரும். மொத்தம் 200, 300கூட வரும்.

உதிர்ந்த கையோடு, பெற்றதுகளே திரும்பி வந்து பொறுக்கித் தின்னும். கோலிக்குண்டு அதற்குத்தான், முட்டை இடுக்கில் விழுந்து தப்பிக்கும். துரத்தல் அடங்கியதும் தாமதிக்காமல் இரண்டையும் எடுத்துவிடுங்கள். வெள்ளையாகப் பூத்த முட்டை கருவுறாதது, அதையும் அப்புறப்படுத்துங்கள்.

ஒன்றிரண்டு நாளில் பொரியும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குஞ்சுகளுக்கு அப்போது தீனி போட வேண்டாம், வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையே போதும். ஐந்தாம் நாள் வாக்கில் நீந்தத் தொடங்கியதும் இன்ஃபுசோரியா (நீரில் வாழும் நுண்ணுயிர்கள்), சில நாள் கழித்து அப்போதே முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியா (இறால் போன்ற மிகச் சிறிய உயிரி). ஸ்பாஞ்ச் பில்டர் மட்டும் போடுங்கள், மற்றவை குஞ்சுகளை இழுத்துவிடும். தண்ணீர் மாற்றும்போதும் குழாய் முனையில் மெல்லிய துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டாமல் ஒருமுறை வாளியிலிருந்து குஞ்சுகளைக் கரண்டியால் பொறுக்கியிருக்கிறேன்.