ஈரல் அறுவை: கேள்வி பதில்

கேள்வி: ஈரலில் எவ்வளவு வரை எடுக்கலாம்?

எடுப்பதை விடுங்கள், மிஞ்சுவதைப் பாருங்கள். நல்ல ஈரலென்றால் மொத்தக் கொள்ளளவில் 20 சதவீதமாவது மிஞ்ச வேண்டும்; நீண்ட கீமோவுக்குப் பிறகு 30, சிரோசிஸில் (ஈரல் தழும்பேறி இறுகிய நிலையில்) 40. மிஞ்சும் துண்டுக்கு, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை, தமனி, ரத்தத்தை வெளியே எடுத்துச்செல்லும் ஹெப்பாட்டிக் சிரை, பித்தநாளம் நான்கும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். சிடி கணக்கில் குறைந்தால், எடுக்கப்போகும் பக்கத்துப் போர்ட்டல் சிரையை முன்கூட்டியே அடைத்து 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். மறுபக்கம் பருக்கவில்லையா? அந்த ஈரல் பெரிய அறுவையைத் தாங்காது என்று அர்த்தம்.

கேள்வி: பிரிங்கிள் கிளாம்ப் போட்டும் ரத்தம் நிற்கவில்லையே?

பிரிங்கிள் என்பது ஈரலுக்குள் போகும் போர்ட்டல் சிரையையும் தமனியையும் சேர்த்துப் பிடிப்பது; அது உள்ளே வரும் ரத்தத்தைத்தான் நிறுத்தும். ஹெப்பாட்டிக் சிரை வழியே பின்னோக்கி வருவதை நிறுத்தாது. அதற்கு மத்திய சிரை அழுத்தம் (இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையின் அழுத்தம்) 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வெட்டி முடிக்கும்வரை மயக்க மருத்துவர் சலைனைத் தாராளமாக ஏற்றக் கூடாது. இன்னொன்று, இடது இரைப்பைத் தமனியிலிருந்து ஈரலுக்குத் தனிக் கிளை போகிறதா என்று பாருங்கள். போனால் அதையும் பிடிக்க வேண்டும். 15 நிமிடம் பிடித்தால் 5 நிமிடம் விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: அழுத்தம் குறைவாக இருக்கையில் சிரையில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போகும். வெளிமூச்சுக் கார்பன் டை ஆக்சைடு சட்டென்று இறங்கும். ஓட்டையில் விரலை வையுங்கள், வெட்டுமுகத்தைச் சலைனால் நிரப்புங்கள், தலைப்பக்கம் தாழட்டும்.

கேள்வி: ஈரலை வெட்டக் கூசாவா (திசுவை மீயொலியால் உடைத்து உறிஞ்சும் கருவி), கிளாம்ப்பால் திசுவை நசுக்குவதா?

கிளாம்ப். 2005-இல் வெளியான சூரிச் சோதனையில் நான்கு முறைகளை ஒப்பிட்டார்கள். அதுதான் வேகம், ரத்த இழப்பும் குறைவு.

கேள்வி: அதில் கிளாம்ப் குழுவுக்கு மட்டும்தானே பிரிங்கிள் போட்டார்கள்? நியாயமான ஒப்பீடா?

சரியான பிடி. கருவியை மட்டும் அது அளக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளாம்ப் முறையே பிரிங்கிளோடு சேர்ந்ததுதான். கட்டி பெரிய சிரையை ஒட்டியிருந்தால், சிரையைக் கிழிக்காமல் உரித்தெடுக்கக் கூசாதான் கைகொடுக்கும். அங்கே என் கையிலும் அதுதான்.

கேள்வி: எந்தக் கருவி சிறந்தது?

மேலே படியுங்கள்.

கேள்வி: ஸ்டேப்ளர் மட்டும் போதாதா?

மறுபடியும் கருவியா! பெரிய சிரைக்கும் போர்ட்டல் கிளைக்கும் போடுங்கள். அழுத்தத்தைக் கவனிக்காவிட்டால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

கேள்வி: வெட்டிய பகுதி திரும்ப முளைக்குமா?

முளைக்காது. மிச்சம் பருக்கும்.

கேள்வி: டிரெயினில் (வயிற்றில் வைத்த வடிகுழாயில்) பச்சையாக வருகிறது, எடுத்துவிடலாமா?

கூடாது. மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ, டிரெயின் திரவத்தின் பிலிருபின் (பித்த நிறமி) ரத்தத்தில் இருப்பதைப்போல் மூன்று மடங்கைத் தொட்டால் பித்தக் கசிவு. காய்ச்சல் இல்லாமல், டிரெயினும் நன்றாக வடிந்தால் பெரும்பாலும் தானே நிற்கும். நிற்காவிட்டால் எண்டோஸ்கோபி வழியே பித்தநாளத்தில் ஸ்டென்ட்.

கேள்வி: அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பட்டுமா?

வேண்டாம். சிகிச்சை பார்க்கும் அறுவை மருத்துவரிடம், மிஞ்சும் ஈரல் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.