தன்னைத் தானே சீர்படுத்திக்கொள்ளும் சூழலமைப்புகள்: கணினி மாதிரிகள் பற்றிய கேள்வி பதில்

ஈசூன், தொடக்கக் கல்லூரி மாணவி: ஐயா, யாரும் நிர்வகிக்காமல் ஓர் உயிர்ச்சூழல் எப்படித் தன்னைச் சீராக வைத்துக்கொள்ள முடியும்?

பதில்: இதற்கு ஆண்ட்ரூ வாட்சனும் ஜேம்ஸ் லவ்லாக்கும் 1983-இல் வெளியிட்ட ‘டெய்சி உலகம்’ மாதிரியைப் பாருங்கள். அந்தக் கற்பனைக் கோளில் இரண்டே வகைப் பூக்கள். கறுப்பு டெய்சி தன்மேல் விழும் வெயிலில் 25 விழுக்காட்டையும், வெள்ளை டெய்சி 75 விழுக்காட்டையும் திருப்பி அனுப்பும், இரண்டும் 22.5 டிகிரி செல்சியஸில்தான் நன்றாகச் செழிக்கும். சூரியன் மங்கலாக இருக்கும்போது கறுப்புப் பூக்கள் நிலத்தைச் சூடாக்கிப் பெருகுகின்றன. சூரியன் வலுக்க வலுக்க, வெள்ளைப் பூக்கள் இடம்பிடித்துக் குளிர்விக்கின்றன. எந்தப் பூவுக்கும் கோளைக் காக்கும் எண்ணம் இல்லை, ஆனாலும் வெப்பநிலை நெடுங்காலம் ஏறத்தாழ நிலையாக நிற்கிறது. வெயில் ஓர் எல்லையைத் தாண்டியதும் பூக்கள் மொத்தமாக மடிந்துவிடுகின்றன. மாணவர்கள் இந்தத் திடீர் சரிவைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஜூரோங், பொறியாளர்: எது எதை உண்கிறது என்பதைக் காட்டும் உணவு வலையில் இனங்கள் கூடக்கூட உறுதியும் கூடும் என்று படித்தேன். அது சரியா?

பதில்: ராபர்ட் மே 1972-இல் அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்த்தார். ஒவ்வோர் இனத்தையும் வலையின் ஒரு முடிச்சாகவும், அதாவது கணுவாகவும், ஒன்று மற்றொன்றைப் பாதிப்பதை இணைப்பாகவும் வையுங்கள். ஓர் இனம் தன் பெருக்கத்தைத் தானே அடக்கிக்கொள்ளும் வலிமை 1 என்றால், இனங்களின் எண்ணிக்கையை இணைப்பு விகிதத்தால் (இருக்கக்கூடிய இணைப்புகளில் உண்மையில் இருப்பவற்றின் பங்கு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தாக்கத்தின் சராசரி வலிமையால் பெருக்கினால் வரும் விடை 1-க்குக் கீழே இருக்க வேண்டும். 20 இனங்கள், விகிதம் 0.2, வலிமை 0.4 என்றால் விடை 0.8, வலை நிலைக்கும். இனங்களை மட்டும் 40 ஆக்குங்கள், விடை ஏறத்தாழ 1.13; வலை குலையும். ஆனால் இது கண்டபடி இணைக்கப்பட்ட வலைக்கான கணக்கு. இயற்கையின் வலை அப்படி அமைவதில்லை; அதன் அமைப்பு எவ்வாறு உறுதி தருகிறது என்பதே இத்துறையின் உயிரான கேள்வி.

உட்லண்ட்ஸ், இல்லத்தரசி: விரைவுச்சாலைக்கு மேலே விலங்குகளுக்கென்று பாலம் கட்டியது உண்மையிலேயே பயன் தருமா?

பதில்: அம்மா, சிங்கப்பூரின் புக்கிட் தீமா விரைவுச்சாலையால் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியும் மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியும் பிரிந்தன, அவற்றைச் சேர்க்கும் பாலம் 2013-இல் கட்டி முடிக்கப்பட்டது. காட்டுத் துண்டுகளைக் கணுக்களாகக் கொள்ளும் மாதிரியை ரிச்சர்ட் லெவின்ஸ் 1969-இல் எழுதினார். ஒரு துண்டில் இனம் அற்றுப்போகும் வேகம் 0.2, புதிதாகக் குடியேறும் வேகம் 0.5 என்றால், இறுதியில் 60 விழுக்காட்டுத் துண்டுகளில் அது வாழும். வழி அடைபட்டுக் குடியேற்றம் 0.25 ஆனால் 20 விழுக்காடுதான். 0.2-க்கும் கீழே போனால், ஒரு மரம்கூட வெட்டப்படாமலே அந்த இனம் முழுவதும் அற்றுப்போகும். எறும்புத்தின்னி போன்ற மெதுவாக நடக்கும் விலங்குக்குப் பாலம் செய்வது, குடியேற்ற வேகம் என்ற அந்த ஓர் எண்ணை உயர்த்துவதுதான்.

தெம்பனிஸ், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: நான் பைத்தான் நிரல்மொழியில் எழுதிய மாதிரியில் உயிரினங்களின் எண்ணிக்கை நிற்காமல் மேலும் கீழும் துள்ளுகிறது. இது இயற்கையின் ஊசலாட்டமா?

பதில்: முதலில் நேர இடைவெளியை, அதாவது கணினி ஒவ்வொரு கணக்கிலும் எவ்வளவு நேரம் முன்னே தாவுகிறது என்பதை, சோதியுங்கள், தம்பி. ஓர் உச்ச எல்லையில் நின்றுவிடும் எளிய வளர்ச்சிச் சமன்பாட்டில் (லாஜிஸ்டிக்) வளர்ச்சி வீதம் 2.5, இடைவெளி 1 என்று வைத்தால், 1-இல் நிற்க வேண்டிய எண்ணிக்கை ஓயாமல் துள்ளும்; இடைவெளியை 0.1 ஆக்குங்கள், துள்ளல் மறைந்துவிடும். இடைவெளியைப் பாதியாக்கிய பின்பும் அதே ஊசலாட்டம் வந்தால் மட்டுமே அதற்கு உயிரியல் காரணம் தேடுங்கள்.