தங்க ரேகை கப்புல பொறி பறந்தது ஏன்?

கேள்வி: சார், தங்க ரேகை போட்ட பீங்கான் கப்புல பால் ஊத்தி மைக்ரோவேவ்ல வெச்சேன், பத்து செகண்ட் கூட ஆகல, படபடன்னு பொறி. எடுத்துப் பாத்தா விளிம்புல ஒரே ஒரு இடம் கறுத்துப் போயிருக்கு, அங்க ரேகைல முடி மாதிரி ஒரு கீறல். அவ்ளோ சின்ன இடைவெளில எப்படி சார் பொறி வரும்? - வாசகி, ஈரோடு

பதில்: அந்தக் கீறலை கண்டுபிடிச்சீங்க பாருங்க, அங்கதாங்க விஷயமே இருக்கு. ரேகை முழுசா இருந்தா மைக்ரோவேவ் அலை கிளப்புற கரண்ட் அதுலயே ஓடும், கீறல் வந்ததும் ரெண்டு முனையிலயும் மின்சுமை வந்து குவியும், நடுவுல இருக்கற துளி காத்து மேல மொத்த அழுத்தமும் விழும். காத்துல எப்பவும் ஒண்ணு ரெண்டு எலக்ட்ரான் சும்மா திரியும், அது வேகமெடுத்து ஒரு மூலக்கூறை மோதி இன்னொரு எலக்ட்ரானை பிடுங்கிடும், ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும், அப்படியே பெருகி பொறியாகிடும்.

ஒரு செ.மீ. காத்துல பொறி வர சுமார் 30,000 வோல்ட் வேணும், இடைவெளி சுருங்கச் சுருங்க வோல்ட்டும் குறையும். ஆனா ஒரு எல்லை உண்டுன்னு ஜெர்மனியில ஃபிரெட்ரிக் பாஷன்ங்கற இயற்பியலாளர் 1889லயே காட்டிட்டார். சாதாரண காத்துல ஏழெட்டு மைக்ரான் (ஒரு மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்) இடைவெளி, சுமார் 330 வோல்ட், அதான் அடிமட்டம். அதுக்கும் கீழ போனா எலக்ட்ரான் ஓடி மோதவே இடம் பத்தாது, அதனால வோல்ட் திரும்ப ஏறணும்.

இது டி.சி., அதாவது ஒரே திசையில ஓடுற கரண்ட் கணக்கு. உங்க மைக்ரோவேவ்ல மின்புலம் செகண்டுக்கு 245 கோடி தடவை ஆடுது, எலக்ட்ரான் முன்னாடி கொஞ்சம் ஓடுறதுக்குள்ள திரும்ப இழுபடும், மொத்த ஆட்டமே ஒரு முடி அகலத்துக்குள்ள அடங்கிடும். கூடம் பெருசா இருந்தா ஊஞ்சல் சுவத்துல இடிக்காது இல்லீங்களா, அதேதான் இங்கயும், முடி அகலக் கீறல்ல எலக்ட்ரான் உலோகத்துல போய் தொலையாம அங்கயே ஆடி ஆடி மோதிக்கிட்டே இருக்கும், அதனால டி.சி.யை விட கம்மி வோல்ட்லயே பொறி வந்துடும். இடைவெளி அந்த ஆட்டத்தை விட குறுகிடுச்சுன்னா எலக்ட்ரான் ரெண்டு பக்க உலோகத்துல முட்டி காணாம போகும், பொறி வர்றது கஷ்டம்.

சரி, இன்னும் சுருக்கினா பொறியே வராதுன்னு நினைக்காதீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். சில மைக்ரானுக்குக் கீழ புலம் அவ்ளோ உக்கிரமாகி உலோகமே தன்னோட எலக்ட்ரானை வெளிய விட ஆரம்பிச்சிடும், பாஷன் கணக்கு அங்க செல்லாது, வோல்ட் ஏறாம மறுபடி இறங்கும். சிப் மேல மைக்ரான் இடைவெளில ஸ்விட்ச் செய்யறவங்க 330 வோல்ட்டுக்குக் கீழதானே இருக்கோம்னு நம்ப முடியாம தவிக்கறது இதனாலதான்.

உங்க கப்புல காபி ஊத்தி தாராளமா குடிங்க, மைக்ரோவேவுக்குள்ள மட்டும் இனிமே வைக்காதீங்க, ஒவ்வொரு பொறியும் அந்த ரேகையை இன்னும் கொஞ்சம் தின்னுடும்.